காய்ச்சல் நீங்கிய பின்னர்

பல ஆண்டுகளுக்கு முன்னர், மூன்றாந் தரத்துப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கரும்பலகையில் எழுதியவற்றை ஒரு புள்ளியும் பிசகாமல் பார்த்தெழுதுவான். ஆனால் சொல்வதெழுதுதல் என்று வந்துவிட்டால், பத்துச் சொற்களில் ஏழு எட்டுப் பிழையாகிவிடும். 'மலை' என்று நான் சொன்னால் அவன் 'வலை' என்று எழுதுவான். 'கடல்' என்றால் 'படல்' என்று எழுதுவான். பெயர் சொல்லி அழைத்தால் சில வேளைகளில் திரும்பிப் பார்ப்பான். சில வேளைகளில் பாரான். அவன் கவனமற்றவன், பிடிவாதக்காரன் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பலமுறை அதட்டினேன். ஒருநாள் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியும் வைத்தேன்.

பின்னர் ஒருநாள் அவனுடைய தாயார் பாடசாலைக்கு வந்தார். பேச்சினிடையே, அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலும் வலிப்பும் கண்டு இரண்டு வாரங்களுக்கு மேல் வைத்தியசாலையில் கிடந்தான் என்றும், அது மூளைக் காய்ச்சல் என்று வைத்தியர் கூறினார் என்றும், பிள்ளை பிழைத்ததே பெரும் புண்ணியம் என்றும் சொன்னார். அந்தக் காய்ச்சலுக்கும் இந்தச் சொல்வதெழுதுதலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அன்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அடுத்த தவணையில் பாடசாலைக்கு வந்த ஒரு வைத்தியரே அவனைச் செவிப்புலன் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். ஒரு செவி முற்றாகக் கேளாது என்பதும், மற்றச் செவி பாதியே கேட்கும் என்பதும் அப்பொழுதுதான் தெரியவந்தன. ஏழாண்டு காலம் அந்தக் குழந்தை அரைகுறையாகக் கேட்ட உலகத்தில் வாழ்ந்திருக்கிறான். அவனை நான் வெளியே நிறுத்தினேன்.

நேயர்களே! நான் வைத்தியன் அல்லன், பாடசாலை அதிபன். ஆயினும் அந்நிகழ்ச்சிக்குப் பின்னர் இந்நோயைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் ஓரளவு தெரிந்துகொண்டேன். பச்சிளங் குழந்தைகளை இந்நோய் எவ்வாறு தாக்குகின்றது, காய்ச்சல் நீங்கிய பின்னரும் அது மூளையில் எவ்வகைத் தழும்புகளை விட்டுச் செல்லக்கூடும், அத்தழும்புகளைக் காலத்தோடு கண்டுகொள்வது எவ்வாறு என்பவற்றையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம்மவர்கள் 'மூளைக் காய்ச்சல்' என்னும் ஒரே பெயரால் இருவேறு நோய்களைக் குறிக்கின்றனர். ஒன்று, நுளம்பினாற் பரவும் வைரசுக் கிருமி மூளையின் தசையையே தாக்குவதால் உண்டாவது. யப்பானிய மூளையழற்சி இவ்வகையைச் சார்ந்தது. மற்றொன்று, மூளையையும் முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்புத் தண்டையும் சுற்றிப் போர்த்திருக்கும் உறைகளில் உண்டாவது. இதனை மூளையுறை அழற்சி என்பர். இதுவும் வைரசினால் வரலாம். பற்றீரியா என்னும் கிருமிகளாலும் வரலாம். வைரசினால் வரும் மூளையுறை அழற்சி பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். பற்றீரியாவினால் வருவதோ நாட்கணக்கில் அன்றி மணிக்கணக்கில் உயிரைப் பறிக்க வல்லது. இன்றைய பேச்சு இந்தப் பற்றீரியா மூளையுறை அழற்சியைப் பற்றியதே.

நம் மூளையை மூன்று உறைகள் மூடியுள்ளன. உள்ளிருக்கும் இரண்டு மெல்லிய உறைகளுக்கு இடையே பளிங்குபோன்ற தெளிந்த நீர் ஒன்று நிரம்பியிருக்கின்றது. மூளையின் உள்ளறைகளில் ஊறி, குறுகிய வாயில்கள் வழியாக வெளிவந்து, மூளையையும் நரம்புத் தண்டையும் சுற்றிப் பாய்ந்து, ஈற்றில் குருதியோடு கலக்கின்றது இந்நீர். வளர்ந்த ஒருவரிடத்தில் ஒரு நேரத்தில் இருப்பது ஏறக்குறைய 150 மில்லிலீற்றரே. ஆயினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் புதிதாக ஊறுகின்றது. ஓயாது ஊறி, ஓயாது வடிகின்ற நீர் இது என்பதை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னாற் கூறப்போகும் துன்பங்களுட் சில, இந்த வடிகால் அடைபடுவதனாலேயே நேர்கின்றன.

குருதியில் புகுந்த கிருமிகள் காவலைக் கடந்து இந்நீரை அடைந்துவிட்டால், அங்கே அவற்றை எதிர்க்கும் படை மிகக் குறைவு. ஆதலால் அவை தடையின்றிப் பெருகுகின்றன. பிறந்து முதல் மாதத்திற்குள் நோயுறும் குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்குவன, தாயின் உடலில் அவளுக்குத் தீங்கின்றி வாழும் கிருமிகளாகிய பி குழு ஸ்ட்ரெப்டோகொக்கசும், குடலில் வாழும் ஈ. கோலியும் ஆகும். சில மாதங்கள் கடந்த பின்னர் வருவன வேறு: நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி வகை என்னும் மூன்று. இவை நலமுள்ளோரின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, இருமலாலும் தும்மலாலும் பரவுவன. தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்புக் குறைந்து, தன் பாதுகாப்பு இன்னும் முதிராத நிலையில் இருக்கும் மகவு இவற்றுக்கு எளிதில் இரையாகின்றது.

வளர்ந்தவருக்கு இந்நோய் வந்தால் தலையிடியும், கழுத்து விறைப்பும், வெளிச்சத்தைக் காணப் பொறாமையும் தோன்றும். கைக்குழந்தை தலையிடி என்று சொல்லுமா? கழுத்து விறைப்பும் குழந்தைகளிடம் பெரும்பாலும் தெரிவதில்லை. பால் குடிக்க மறுத்தல், ஓயாத கிறீச்சிட்ட அழுகை, தூக்கினால் ஆறுவதற்குப் பதிலாக மேலும் அழுதல், எழுப்பினாலும் எழாத மயக்கம், வாந்தி, வலிப்பு, உச்சிக்குழி புடைத்து நிற்றல் என்பனவே இங்கு அடையாளங்கள். பிறந்து சில நாட்களேயான சிசுவுக்குக் காய்ச்சல் இல்லாமல் உடல் குளிர்ந்திருத்தலும் உண்டு. தாய்மார்களே! 'பிள்ளை வழக்கம்போல் இல்லை' என்று உங்கள் மனம் சொல்லுமாயின், பல் முளைக்கின்றது என்றோ கண்ணூறு என்றோ எண்ணி ஒரு பகலைக் கழித்துவிடாதீர்கள். இந்நோயில் ஒவ்வொரு மணி நேரமும் மூளைக்கு உரியது.

வைத்தியசாலையில் பெற்றோர் பெரிதும் அஞ்சுவது முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கே. அவ்வாறு எடுத்தால் பிள்ளையின் கால்கள் வழங்காமற் போய்விடும் என்று சொல்வோரும் உளர். ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்றிச் குவிங்கே என்னும் வைத்தியர் 1891 ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். முள்ளந்தண்டினுள் நரம்புத் தண்டு இடுப்பு வரையே செல்கின்றது. அது முடிந்த இடத்துக்குக் கீழே நீர் நிரம்பியிருக்கும் பையினுள்ளேயே ஊசி செலுத்தப்படுகின்றது. ஆதலின் நரம்புத் தண்டு ஊசியின் வழியில் இல்லை. எடுத்த நீர் தெளிவாக இருக்கின்றதா, கலங்கியிருக்கின்றதா, அதில் எந்தக் கிருமி உளது, அக்கிருமியை எந்த மருந்து கொல்லும் என்பவற்றை அறிய இதனினும் சிறந்த வழி இல்லை. ஆயினும் குழந்தையின் நிலை மோசமாக இருப்பின், நீர் எடுக்கும் வரை காத்திராது கிருமியெதிர் மருந்தைத் தொடங்கிவிடுவர்.

இந்நோயின் பழங்கதை மிகவும் கொடியது. ஜெனீவா நகரில் 1805 ஆம் ஆண்டில் பரவிய தொற்றை வியூசோ என்னும் வைத்தியர் விவரித்து எழுதினார். அன்றும் அதன் பின் நெடுங்காலமும் நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் அமர்ந்திருப்பதைத் தவிர வைத்தியர் செய்யக்கூடியது சிறிதே. ஹீமோபிலஸ் கிருமியினால் நோயுற்ற மகவு பிழைப்பது அருமையிலும் அருமையாக இருந்தது. நியூயோர்க் நகரத்தின் குழந்தைகள் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹற்றி அலெக்சாந்தர் என்னும் பெண் வைத்தியர், முயலின் குருதியிலிருந்து இக்கிருமிக்கு எதிரான சீரம் ஒன்றை ஆக்கி, அதனைக் கொண்டு குழந்தைகள் குணமடைந்ததை 1939 ஆம் ஆண்டில் அறிவித்தார். அக்காலத்தை ஒட்டிச் சல்பா மருந்துகளும், பெனிசிலினும், அவற்றின் வழிவந்த பிறவும் பயன்பாட்டுக்கு வந்தன. சாவு உறுதி என்றிருந்த நிலை மாறி, நல்ல சிகிச்சை கிடைக்குமிடங்களில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கும் நிலை உண்டாயிற்று.

அப்பொழுதுதான் புதியதொரு வினா எழுந்தது. முன்னர் இறந்துபோன குழந்தைகள் இப்பொழுது வாழ்கின்றனர். அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, பற்றீரியா மூளையுறை அழற்சி கண்டவர்களுள் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறக்கின்றார். ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் எஞ்சுகின்றன. பச்சிளங் குழந்தைகளே இவ்விரு கூட்டத்திலும் மிகுதியாக உள்ளனர். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அடிபடுவதால் அவர்களிடத்தில் விளைவும் பெரிது.

கிருமிகள் மருந்தினால் இறந்த பின்னரும் மூளைக்குத் தீங்கு நேர்வது எவ்வாறு? கிருமியை எதிர்க்க உடல் எழுப்பும் போர்தான் அதற்குப் பெருங்காரணம். ஊரில் தீப்பற்றினால், தீ எரித்தது ஒரு பங்காக, அணைக்க வந்தோர் மிதித்தது மற்றொரு பங்காகப் பயிர் அழிவதுண்டு. இறந்த கிருமிகளின் சிதைவுகளைக் கண்டும் உடலின் வெண்குருதிக் கலங்கள் சீறி எழுகின்றன, உறைகள் தடித்துச் சீழ் படிகின்றது, மூளை வீங்குகின்றது. மண்டையோட்டினுள் இடம் சிறிதே ஆகையால், வீக்கத்தினால் உள்ளழுத்தம் உயர்ந்து, மூளைக்குச் செல்லும் குருதி குறைகின்றது. உடலின் உப்பு நீர்ச் சமநிலையும் குலைந்து, குருதியில் உப்புத் தாழ்ந்து, வலிப்பு மேலும் கூடலாம். முதல் நாட்களில் வைத்தியரும் தாதியரும் குழந்தையின் சிறுநீரையும் குருதியின் உப்பையும் அளந்து அளந்து பார்ப்பது இதன் பொருட்டே.

இரண்டாவது தீங்கு குருதிக் குழாய்களுக்கு நேர்கின்றது. மூளையின் மேற்பரப்பில் ஓடும் நாடிகளும் நாளங்களும் சீழினூடே கிடந்து அழற்சியுற்று, அவற்றினுள் குருதி உறைந்து அடைபடலாம். அவ்வாறாயின் அக்குழாயினால் வாழ்ந்த மூளைப்பகுதி இறந்துபோகின்றது. முதியோருக்கு வரும் பாரிசவாதம் போன்றதொன்று சிசுவுக்கு வந்துவிடுகின்றது எனலாம். சிசு நடப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை; ஆதலால் அது அப்போது கண்ணுக்குப் படாமற் போகலாம். மாதங்கள் சென்று, பிள்ளை ஒரு கையை மட்டுமே நீட்டி விளையாட்டுப் பொருளைப் பற்றும்போதும், ஒரு கால் விறைத்திருக்கும்போதுமே அது வெளிப்படுகின்றது. ஒரு வயது நிறையும் முன்னர் ஒரு கையையே பெரிதும் பாவிக்கும் குழந்தையைக் கண்டால், வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் என்று மகிழாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, மூளையில் நீர் தேங்குதல். முன்னர்க் கூறிய தெளிந்த நீர் பாயும் குறுகிய வாயில்களும், அது குருதியோடு கலக்கும் இடங்களும் சீழினாலும் தழும்பினாலும் அடைபடலாம். வாய்க்கால் அடைபட்டாலும் ஊற்று நிற்பதில்லை. ஊறிய நீர் உள்ளறைகளிலேயே தேங்கி அவற்றை விரிக்கின்றது. மூளை மண்டையோட்டை நோக்கி நெருக்கப்படுகின்றது. குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் பொருந்தாதிருப்பதால் தலை பெருக்கத் தொடங்கும். உச்சிக்குழி புடைக்கும், நெற்றி நரம்புகள் தெரியும், கண்மணிகள், அடையும் ஞாயிறுபோல், கீழ் இமையினுள் தாழ்ந்து நிற்கும்.

இதனை அறிய ஓர் அளவு நாடாவே போதும். பிறந்த சிசுவின் தலைச்சுற்று ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர். முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றரும், அடுத்த மூன்று மாதங்களில் 1 சென்ரிமீற்றரும், பின்னர் ஆண்டு நிறையும் வரை அரைச் சென்ரிமீற்றருமாக அது வளர்வது இயல்பு. இதனை விஞ்சி வளரும் தலை எச்சரிக்கை மணியாகும். உச்சிக்குழி மூடாதிருக்கும் வரை அதன் வழியாகவே ஒலியலைக் கருவியால், நோவின்றி, உள்ளறைகளைப் பார்த்துவிடலாம். நீர் தேங்கியிருப்பின் மெல்லிய குழாய் ஒன்றைத் தோலின் கீழாக மூளையறையிலிருந்து வயிற்றறைக்கு இட்டு நீரை வடியவிடுவர். இக்குழாய்க்குரிய ஒருவழி வால்வை 1950களின் நடுப்பகுதியில் ஆக்கியவர் பிலடெல்பியாவில் வாழ்ந்த ஜோன் ஹோல்ற்றர் என்னும் பொறித்தொழிலாளர். முதுகெலும்புக் குறையோடு பிறந்த தம் மகனுக்கு மூளையில் நீர் தேங்கியதைக் கண்டு, அவனைக் காக்கவே அவர் அதனை ஆக்க முற்பட்டார். காரணம் வேறாயினும் அவ்வகை வால்வின் பயன் இந்நோயினால் நீர் தேங்கிய குழந்தைகளுக்கும் கிட்டியது.

நான்காவது, மூளைக்கும் உறைக்கும் இடையே நீர் கோத்தலும், சீழ் கட்டுதலும். இங்குக் கோக்கும் நீர் பெரும்பாலும் தானே வற்றிவிடும். சீழாக மாறினால் அறுவைச் சிகிச்சை வேண்டும். பிறந்து சில நாட்களுக்குள் குடற்கிருமிகள் சிலவற்றால் நோயுறும் சிசுக்களுக்கு மூளையினுள்ளேயே சீழ்க்கட்டி தோன்றுவதுண்டு. மருந்து கொடுத்துச் சில நாட்களாகியும் காய்ச்சல் தணியாவிட்டாலும், தணிந்த காய்ச்சல் மீண்டாலும், புதிதாக வலிப்புத் தோன்றினாலும் வைத்தியர்கள் ஸ்கான் பரிசோதனை செய்விப்பது இவற்றைத் தேடியே. சிசுக்களுக்கு இரண்டு, மூன்று வாரங்கள் வரை நாளத்தின் வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கின்றது. காய்ச்சல் விட்டது, பிள்ளை பால் குடிக்கின்றது என்று ஐந்தாம் நாளே வீட்டுக்குக் கூட்டிச் செல்லத் துடிக்கும் பெற்றோர், உள்ளே மறைந்திருக்கும் கிருமி அந்த அவசரத்துக்காகவே காத்திருக்கின்றது என்பதை உணர்தல் வேண்டும்.

ஐந்தாவது, செவி. இதுவே மிகுதியாக நேரும் பின்விளைவு. எளிதில் மறைந்துகொள்வதும் இதுவே. மூளையைச் சூழ்ந்த நீருக்கும், உட்செவியிலுள்ள நத்தை வடிவான உறுப்புக்கும் இடையே நுண்ணிய வழி ஒன்று உண்டு. அவ்வழியே அழற்சி புகுந்து, ஒலியை உணரும் மெல்லிய மயிர்க்கலங்களை அழித்துவிடுகின்றது. அழிந்த அக்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை. நியூமோகொக்கஸ் கிருமியால் நோயுற்றோருக்கு இவ்வாறு நேர்வது மிகுதி. சில வகைக் கிருமிகளில், முதல் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் டெக்சாமெதசோன் என்னும் மருந்து செவிடாவதைக் குறைக்கின்றது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆயினும் அது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதன்று. பிறந்த சிசுக்களுக்கு அதனைக் கொடுப்பதில்லை.

செவியைப் பொறுத்தவரை காலந்தான் எல்லாம். அழற்சியுற்ற அந்த நத்தைச் சுருளினுள்ளே, சில வாரங்களிலும் மாதங்களிலும் எலும்பு வளர்ந்து அடைத்துவிடலாம். அவ்வாறு அடைத்த பின்னர், செவிடானோருக்குக் கேள்வியைத் தரும் மின்கருவியை உட்செவியில் பொருத்துவது மிகக் கடினமாகிவிடும். ஆதலின் குழந்தை வைத்தியசாலையை விட்டு நீங்குமுன்னர், அன்றேல் நீங்கி நான்கு வாரங்களுக்குள்ளாவது, செவிப்புலன் பரிசோதனை செய்தல் வேண்டும் என்பது இக்கால வைத்தியரின் விதி. சிசு பதில் சொல்லவேண்டிய தேவை இல்லை. அது உறங்கும்போதே, ஒலிக்கு மூளை தரும் மறுமொழியைக் கருவி பதிந்துகொள்ளும். கதவைத் தட்டினால் பிள்ளை திரும்பிப் பார்க்கின்றது என்பது போதிய சான்று ஆகாது. தட்டிய அதிர்வை அது உணர்ந்திருக்கலாம். நிழல் அசைந்ததைக் கண்டிருக்கலாம்.

இவற்றோடு, வலிப்பு நோயாகத் தொடர்தல், கண்கள் நலமாயிருந்தும் மூளை பார்வையை அறியாமை, பேச்சுத் தாமதம், அறிவு வளர்ச்சி குன்றுதல் என்பனவும் நேரக்கூடும். இவ்வளவும் கேட்டு நேயர்கள் அஞ்சுதல் வேண்டா. உயிர் தப்பிய குழந்தைகளுட் பெரும்பாலோர் கடுங்குறை எதுவுமின்றி வளர்கின்றனர். குறை எஞ்சினும், அதனைக் காலத்தோடு கண்டால் பெரும்பாலும் ஏதேனும் ஓர் உதவி உண்டு. அதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வரலாற்றிலிருந்தே கூறுவேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1882 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பத்தொன்பது மாதப் பெண் குழந்தை ஒன்று கடுங்காய்ச்சலுற்றது. வயிறும் மூளையும் குருதி தேங்கி நோயுற்றன என்று அக்கால வைத்தியர் கூறினர். சில நாட்களிற் காய்ச்சல் விட்டது. இல்லத்தார் மகிழ்ந்தனர். ஆனால் அக்குழந்தையின் கண்களும் செவிகளும் அடைபட்டுவிட்டன. அக்குழந்தையே ஹெலன் கெல்லர். நோய் இன்னதென்று இன்று எவரும் உறுதியாகக் கூறல் இயலாது. ஆயினும் அது பற்றீரியா மூளையுறை அழற்சியாய் இருந்திருக்கக் கூடும் என்று பிற்கால வைத்தியர் கருதுகின்றனர். ஐந்தாண்டுகள் அக்குழந்தை எவர்க்கும் அடங்காத பிள்ளையாய் வளர்ந்தது. 1887 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அன் சலிவன் என்னும் இளம் ஆசிரியை வந்து, உள்ளங்கையில் எழுத்துக்களை இட்டு மொழியைக் கற்பித்தார். 1904 ஆம் ஆண்டில் ஹெலன் கெல்லர் றட்கிளிவ் கல்லூரிப் பட்டதாரியானார். நோய் மூடிய கதவுக்கு வேறொரு வழி இருந்தது. அவ்வழியைத் தேட ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது.

ஹெலன் கெல்லரின் குறை எவர் கண்ணுக்கும் தெரிந்தது. தெரியாத குறைகளே இன்று என் கவலை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1985 முதல் 1987 வரை, ஒரு வயது நிறையுமுன் மூளையுறை அழற்சி கண்டு பிழைத்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்தனர். ஐந்து வயதில் ஏறக்குறைய 1,580 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டியபோது, அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான குறை இருந்தது. நோயுறாத பிள்ளைகளோடு ஒப்பிடின் இது பத்து மடங்கு.

அதே பிள்ளைகள் பதினாறு வயதை அடைந்தபோது மீண்டும் பார்த்தனர். நம் நாட்டின் க.பொ.த. சாதாரண தரத்தை ஒத்த பரீட்சையை அவர்கள் எழுதும் வயது அது. ஊனமுற்றோர்க்குரிய பாடசாலைகளில் அன்றி, எல்லாரும் பயிலும் சாதாரணப் பாடசாலைகளில் கற்ற 461 பேரை எடுத்துக்கொண்டனர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் ஒரு பாடத்தில்தானும் சித்தியடையவில்லை. குழந்தைப் பருவத்தில் நோயுறாத 289 பேரில் அவ்வாறு தவறியோர் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேரே. நலமாயுள்ளனர் என்று எல்லாரும் கருதிய பிள்ளைகளைப் பற்றிய கணக்கு இது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஆசிரியனாகிய எனக்கு நெஞ்சு திடுக்கிடுகின்றது. நினைவு தங்காமை, கவனம் நிலையாமை, கணக்கில் தடுமாற்றம் என்று நாம் புள்ளியிட்டுப் பெற்றோருக்கு அனுப்பும் குறிப்புகளுள் எத்தனை, எட்டு மாதத்தில் வந்த ஒரு காய்ச்சலின் எழுத்துக்களோ!

நோயே வாராமற் காப்பது எல்லாவற்றிலும் மேல். ஹீமோபிலஸ் பி வகைக் கிருமிக்கு எதிராக, கைக்குழந்தைகளிடத்தும் பயன் தரவல்ல இணைப்புத் தடுப்பூசியை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆக்கினர். 1990 ஆம் ஆண்டில் அது அந்நாட்டில் இரண்டு மாதக் குழந்தைகளுக்கும் வழங்க அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஆண்டுதோறும் அங்கே ஏறக்குறைய 20,000 சிறுவர் இக்கிருமியாற் கடுமையாக நோயுற்றனர். சில ஆண்டுகளுக்குள் அத்தொகை நூற்றில் ஒரு பங்கினும் குறைந்தது. நம் இலங்கையில் இத்தடுப்பூசி, ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியின் பகுதியாக 2008 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தது. குழந்தைகள் சிலரின் மரணத்தை அடுத்து அவ்வாண்டிலேயே இடைநிறுத்தப்பட்டு, விசாரணைகளின் பின்னர் 2010 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் இதனைக் கொடுக்கின்றனர். நியூமோகொக்கசுக்கும் மெனிங்கோகொக்கசுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. ஆயினும் பிறந்த சிசுவைத் தாக்கும் கிருமிகளுக்கு ஊசி இன்னும் பரவலாக வழக்கில் இல்லை. ஆகவே தடுப்பூசி வந்துவிட்டது, இனி இந்நோய் இல்லை என்று இருந்துவிடுதல் ஆகாது.

ஈற்றாக, பெற்றோருக்கு மூன்று சொற்கள். உங்கள் குழந்தை இந்நோயிலிருந்து மீண்டிருப்பின், வைத்தியசாலையை விட்டு வரும்போது செவிப்புலன் பரிசோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். ஆகவில்லையெனின் திகதி கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் நோயின் பெயரை எழுதுவித்து, தலைச்சுற்றளவையும், தவழ்ந்த நாள், நின்ற நாள், முதற்சொல் சொன்ன நாள் என்பவற்றையும் மருத்துவமாதின் துணையோடு பதிந்து வாருங்கள். பாடசாலையிற் சேர்க்கும்போது அந்நோயைப் பற்றி ஆசிரியரிடம் மறையாது கூறுங்கள். 'மூளை' என்னும் சொல் சேர்ந்திருப்பதால் பிள்ளையைப் பித்தன் என்பார்களோ என்று சில தாய்மார் நாணுகின்றனர். நாணுவதற்கு இதில் யாதும் இல்லை. கால் முறிந்ததைச் சொல்வதுபோல் இதனையும் சொல்லலாம்.

ஆசிரியர்களாகிய என் தோழர்களுக்கும் ஒரு சொல். மடிப்பிள்ளை, சோம்பேறி, பிடிவாதக்காரன் என்று எழுதுமுன்னர், அப்பிள்ளைக்குக் கேட்கின்றதா, தெரிகின்றதா, கைக்குழந்தைப் பருவத்தில் நோயுற்றதா என்று வினவுங்கள். நான் இப்பொழுது அதிபராக இருக்கும் பாடசாலையில், முதலாந் தரத்திற் சேரவரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் இரண்டு வினாக்களை நானே கேட்கின்றேன்: ஒரு வயதுக்குள் வலிப்போடு கூடிய கடுங்காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் இருந்ததா? அதன் பின்னர் செவி பரிசோதிக்கப்பட்டதா? பெரும்பாலோர் இல்லை என்று சொல்லிச் செல்வர். எப்போதேனும் ஒரு தாய் சற்றுத் தயங்கி, 'ஆம்' என்பார். அந்தப் பிள்ளையை நான் முன் வரிசையில் இருத்துவிக்கின்றேன்.

நான் முதலிற் கூறிய சிறுவனுக்கு அவ்வாண்டின் இறுதியில் செவிக்கருவி கிடைத்தது. அதனை அணிந்து வந்த முதல் வாரத்திற் பத்துச் சொற்கள் சொன்னேன். ஏழு சரியாக எழுதியிருந்தான். 'மலை' என்னும் சொல் அவற்றுள் ஒன்று.